இடிந்த சுவரை எடுத்துக் கட்டுவோர்

(தவக்கால வானொலி மறையுரை, மார்ச் 2025. பங்கு மக்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடப்படுகிறது.)



திருநீற்றுப் புதனை அடுத்து வரும் வெள்ளியும் சனியும் திருப்பலியில் எசாயா நூலின் 58ஆம் அதிகாரத்தை வாசிக்கிறோம். நோன்பு என்றால் என்ன என்று இறைவாக்கினர் அங்கே விளக்குகிறார். தலையைத் தாழ்த்திச் சாம்பலில் உட்காருவது மட்டும் நோன்பாகாது; பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், தங்க இடமில்லாதவரை வீட்டுக்குள் சேர்ப்பதுமே ஆண்டவர் விரும்பும் நோன்பு என்கிறார். அப்படி நோன்பிருப்பவர்களுக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைக்கும் என்கிறார். உடைந்த மதிலை அடைப்பவர், மக்கள் மீண்டும் குடியிருக்கத் தெருக்களைச் சீர்செய்பவர் என்று ஊரார் அவர்களை அழைப்பார்களாம்.

இந்த ஆண்டு அந்த வாசகம் நம் காதில் வேறு விதமாக விழுகிறது. கோலியனூர் கூட்டுரோட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும், பாதி விழுந்த மண்சுவரும், தார்ப்பாய் போர்த்திய கூரையும் இன்னும் கண்ணில் படுகின்றன. புயல் வந்து மூன்று மாதம் கடந்துவிட்டது. இப்போது யார் அந்த வீடுகளுக்குப் போகிறார்கள் என்பதுதான் இன்றைய நம் சிந்தனை.

அந்த இரண்டு நாள்கள்

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் அது நகரவில்லை. பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்று மழையைக் கொட்டியது. நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை பதிவானது. புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேலான நீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரைபுரண்டது. அரசூர், இருவேல்பட்டு பக்கம் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. திருச்சி நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டதால் ரயில்கள் நின்றன. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள். அவர்களில் ஐவர் பிள்ளைகள்.

டிசம்பர் 1 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைய நற்செய்தி லூக்கா 21ஆம் அதிகாரம். கடலின் கொந்தளிப்பைக் கண்டு மக்கள் கலங்குவார்கள் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி அது. அதே பகுதியில் அவர் தலை நிமிர்ந்து நிற்கவும் சொல்கிறார். தலை நிமிர்ந்து நிற்க ஒரு குடும்பத்துக்கு முதலில் ஒழுகாத கூரை வேண்டும். பூட்ட ஒரு கதவு வேண்டும். உலர்ந்த தரை வேண்டும்.

முதல் வாரமும் நான்காம் மாதமும்

பேரிடருக்குப் பின் உதவி இரண்டு கட்டமாக வருகிறது. முதல் கட்டம் நிவாரணம்: சாப்பாட்டுப் பொட்டலம், பால், பாய், போர்வை, மெழுகுவர்த்தி. இதற்கு ஆள் குறைவதில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2018 நவம்பர் கஜா புயலிலும், இப்போது ஃபெஞ்சலிலும் மதம் பாராமல் கோவில்களும் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் கதவைத் திறந்ததைப் பார்த்தோம். நம் அன்பியங்களும் அடுப்பு மூட்டின. கடவுளுக்கு நன்றி.

இரண்டாம் கட்டம் மறுவாழ்வு. இது மாதக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில் நீளும். செய்தித்தாளில் வராது. வண்டிகள் வருவது நின்றுவிடும். ஆனால் குடும்பத்தின் உண்மையான சுமை அப்போதுதான் தொடங்குகிறது. மண்சுவர் எப்போதும் மழையிலேயே விழுவதில்லை. சில சுவர்கள் ஊறி நின்று, வெயில் அடித்த பிறகும் சரிகின்றன. நெல்லும் உளுந்தும் அழுகிய பிறகு கூலி வேலை கிடைப்பதில்லை. பொங்கலுக்கு நகை அடகுக்குப் போகிறது. மார்ச்சில் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வருகிறது. புத்தகம் வெள்ளத்தோடு போயிருக்கிறது.

இந்த இரண்டாம் கட்டத்தையே தங்கள் பணியாக எடுத்துக்கொண்டவர்கள் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, அடுத்த பல ஆண்டுகளுக்குத் தன்னார்வலர்கள் குழுகுழுவாக வந்து சேறு அள்ளினார்கள், ஊறிய சுவர்ப்பலகைகளைப் பிரித்தார்கள், கூரை போட்டார்கள். கல்லூரி விடுமுறையைக் கடற்கரையில் கழிக்க வேண்டிய இளைஞர்கள் அங்கே சுத்தியலோடு கழித்தார்கள். மென்னோனைட் சபையினர் 1950 முதல் இதற்கென்றே ஓர் அமைப்பு நடத்துகிறார்கள். ஓய்வுபெற்ற தச்சரும், விவசாயியும், ஆசிரியரும் அதில் சேர்ந்து, முன்பின் தெரியாத குடும்பத்தின் வீட்டைப் பழுதுபார்க்கிறார்கள். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லைதான். ஆனால் நம் தெருக்களில் கொத்தனாரும் சித்தாளும் எலக்ட்ரீஷியனும் கீற்று முடைபவரும் இருக்கிறார்கள்.

நெகேமியா காட்டும் வழி

வீடு திருத்தும் பணிக்கு விவிலியத்தில் ஒரு வழிகாட்டி நூல் உண்டென்றால் அது நெகேமியா. எருசலேமின் மதில் இடிந்து, வாயில்கள் தீக்கிரையாகிக் கிடந்தன. நெகேமியா வந்தவுடன் கூட்டம் போடவில்லை. முதலில் இரவில் சிலரோடு போய், இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்கிறார். பிறகுதான் பேசுகிறார். இது முதல் பாடம்: போய்ப் பார், கேள், பிறகு செய்.

பார்க்காமல் செய்யும் உதவி என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்டோம். நாகப்பட்டினம் பகுதியில் லாரி லாரியாக வந்த பழைய துணிகள் சாலையோரம் மலைபோல் கிடந்தன. உழைத்துச் சாப்பிட்ட மீனவக் குடும்பங்களுக்குப் பிறர் கழித்துப்போட்ட துணி தேவைப்படவில்லை. அவர்கள் கேட்டது படகும் வலையும் எஞ்சினும். தற்காலிகக் குடியிருப்புகளுக்குப் பயன்படுத்திய தார் ஷீட், கோடையில் உள்ளே இருப்பவர்களை வாட்டியது. அவை நல்ல மனத்தோடு கொடுக்கப்பட்டவைதான். அங்கே இருக்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்றாம் அதிகாரத்தில் நெகேமியா யார் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் தருகிறார். வாசிக்கும்போது சலிப்பு வரலாம். ஆனால் நிறுத்தி வாசிக்க வேண்டிய பட்டியல் அது. தலைமைக் குருவும் மற்ற குருக்களும் முதலில் கை வைக்கிறார்கள். பொற்கொல்லர்கள் கல் சுமக்கிறார்கள். நறுமணத் தைலம் செய்பவர் கட்டுகிறார். சல்லூம் என்பவர் தன் புதல்வியரோடு சேர்ந்து கட்டுகிறார். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியை எடுத்துக்கொள்கிறார்கள். தெக்கோவா ஊரின் உயர்குடியினர் மட்டும் தோள் கொடுக்கவில்லை என்று ஒரு வரியும் இருக்கிறது. அதே தெக்கோவாவின் சாதாரண மக்களோ தங்கள் பங்கை முடித்து, இன்னொரு பகுதியையும் கட்டுகிறார்கள். ஐம்பத்திரண்டு நாள்களில் மதில் முடிந்தது.

தன்னார்வலர் என்னதான் செய்வார்?

"எங்களுக்குக் கட்டட வேலை தெரியாதே, சாமி" என்று சிலர் சொல்வதுண்டு. பொற்கொல்லருக்கும் தெரியாதுதான். வேலை பலவகை, ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கிறது.

முதலாவது, பதிவு. அரசு இழப்பீடு கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குகிறது. பதற்றத்தில் பலர் இடிபாட்டை அள்ளிக் கொட்டிவிட்டு, பிறகு அலுவலர் வரும்போது காட்ட ஒன்றுமில்லாமல் நிற்கிறார்கள். சுத்தம் செய்யும் முன் நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துத் தருவதும், நனைந்துபோன குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு நகல் விண்ணப்பம் எழுதித் தருவதும், வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் துணையாகப் போவதும் படித்த பிள்ளைகள் செய்யக்கூடிய பெரிய தொண்டு.

இரண்டாவது, சுத்தம். மெயின் சுவிட்சை அணைத்து, மின்சாரப் பணியாளர் பார்த்த பிறகே வீட்டுக்குள் இறங்க வேண்டும். பாம்பு, தேள் இருக்கும் என்ற நினைவோடு கழியால் தட்டிப் பார்த்துச் சேறு அள்ள வேண்டும். கிணற்றையும் தொட்டியையும் இறைத்து, சுகாதார ஆய்வாளர் சொல்லும் அளவில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். காலில் புண் உள்ளவர்கள் வெள்ளநீரில் இறங்கக் கூடாது; எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது.

மூன்றாவது, சுவர். ஊறிய மண்சுவரை ஒட்டிப் பல நாள்களுக்கு யாரும் படுக்கக் கூடாது; முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும், அல்லது துணிந்து இறக்கிவிட வேண்டும். ஈரம் உலரும் முன் மேலே பூச்சு பூசினால் அது உரிந்து விழும், பணமும் போகும். சுவரின் அடிப்பகுதியை உயர்த்தி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுத்தால், அடுத்த மழைக்கு அந்த வீடு நிற்கும்.

நான்காவது, கூரை. காற்று கூரையை மேலிருந்து அழுத்திப் பிய்ப்பதில்லை. இறவாரத்தின் கீழே புகுந்து தூக்குகிறது. அதனால் தகரத்தின் மேல் கல்லையும் பழைய டயரையும் ஏற்றி வைப்பது போதாது. கழியோடு கைமரத்தையும், கைமரத்தோடு நடுகாலையும் கம்பியால் இறுகக் கட்ட வேண்டும். நடுகால் தரைக்குள் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். ஷீட் போட்டால் வளைந்த கொக்கி போல்ட் போட்டு முடுக்க வேண்டும். கரும்புத் தோகையோ கீற்றோ வேய்ந்தால், மேலே கயிறு ஓட்டி இருபுறமும் முளையில் கட்ட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது அத்தனை கூரைகள் பறந்ததை நாம் மறக்கவில்லை. இன்று கட்டும் கூரை அடுத்த தானேயை மனத்தில் வைத்துக் கட்டப்பட வேண்டும்.

இங்கே ஒரு கவனம் வேண்டும். உள்ளூர்க் கொத்தனாருக்கும் புயலில் வேலை போயிருக்கிறது. இலவசமாக எல்லாவற்றையும் செய்கிறோம் என்று அவருடைய கூலியைப் பறித்துவிடக் கூடாது. கொத்தனாருக்கு உரிய கூலி கொடுத்து, நாம் அவருக்குச் சித்தாளாக நிற்பதே முறை. வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கூடவே கை கொடுக்கட்டும். தன் வீட்டைத் தானும் சேர்ந்து கட்டியவர் யாருக்கும் கடன்பட்டவராகத் தலைகுனிய வேண்டியதில்லை.

"இது அரசாங்கத்தின் வேலை இல்லையா?"

ஆம், அரசின் கடமைதான். புயலுக்குப் பின் தமிழ்நாடு அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாயும், சேதமடைந்த குடிசைகளுக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது. வீடிழந்தவர்களுக்குக் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் முன்னுரிமை என்றும் சொன்னது. அதைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை.

திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931இல் எழுதிய சுற்றுமடலில் ஒரு கோட்பாட்டை விளக்கினார். சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறிக்கக் கூடாது. சிறியதால் முடியாதபோது பெரியது துணை நிற்க வேண்டும். வீடு கட்டும் நிதியும் ஆற்றுக்கரையும் அரசால்தான் முடியும். ஆனால் எந்தக் குடும்பம் பட்டியலில் விடுபட்டது என்பது அன்பியத்துக்குத்தான் தெரியும்.

யார் விடுபடுகிறார்கள்? பட்டா இல்லாமல் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடியிருப்பவர்கள். வாடகைக்கு இருப்பவர்கள், வீடு இன்னொருவர் பெயரில், இழந்த பொருள் இவருடையது. ஒரே குடும்ப அட்டையில் இருக்கும் இரண்டு குடும்பங்கள். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ வெளியூர் போயிருந்ததால் கணக்கெடுப்பின்போது இல்லாதவர்கள். தனியாக இருக்கும் விதவைத் தாய். வெளிப்படையாகவே சொல்வோம்: பல ஊர்களில் வண்டி ஊர்த் தெருவில் நின்றுவிடுகிறது, காலனிக்குப் போவதில்லை. தாழ்வான நிலம் பெரும்பாலும் காலனிக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வெள்ளம் முதலில் வருவதும், உதவி கடைசியில் வருவதும் அங்கேதான். கிறிஸ்தவர்களாகிய நாமும் இதற்கு விதிவிலக்கு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? தெக்கோவா உயர்குடியினரைப் பற்றிய அந்த ஒரு வரி நமக்காகவும் எழுதப்பட்டது. இந்தத் தெருப் பையன் அந்தத் தெருக் கூரையில் ஏறிக் கட்டினால், அந்த வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தால், அது கூரையைவிடப் பெரிய ஒன்றைச் சீர்செய்கிறது.

மத்தேயு நற்செய்தியில் பாறைமீது கட்டிய வீட்டையும் மணல்மீது கட்டிய வீட்டையும் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையைச் சிலர் ஏழைகள்மேல் திருப்புகிறார்கள்: "பள்ளத்தில் கட்டினால் இப்படித்தான்." ஏழை அந்தப் பள்ளத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. ஆண்டவர் அந்த உவமையில் பேசியது தம் வார்த்தையைக் கேட்டும் அதன்படி செய்யாதவர்களைப் பற்றி. வெளியே மழை பெய்தபோது உலர்ந்த வீட்டில் இருந்த நமக்குத்தான் அது எச்சரிக்கை.

கடனும் மானமும்

நெகேமியா மதில் கட்டிக்கொண்டிருந்த நடுவில், ஐந்தாம் அதிகாரத்தில், மக்களும் அவர்களுடைய மனைவியரும் அழுது முறையிடுகிறார்கள்: பஞ்சத்தில் சோறுக்காக நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம், பிள்ளைகளை அடிமையாக்க வேண்டியிருக்கிறது. நெகேமியா அவர்களிடம் முதலில் மதில் முடியட்டும் என்று சொல்லவில்லை. வட்டி வாங்கிய பெரியவர்களைக் கூட்டி, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் செய்கிறார். சுவர் எழும்பி, உள்ளே இருப்பவர் கடனில் மூழ்கினால் அந்தச் சுவரால் என்ன பயன்?

நம் வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. சேறு காயும் முன்பே வாரத் தவணை கேட்டு வாசலில் ஆள் நிற்கிறார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கடன் கொடுத்தவர் அடகுப் பொருள் வாங்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்று இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏழையின் வீட்டு வாசலுக்கும் ஒரு மரியாதை உண்டு என்பதே அதன் பொருள். 2025 யூபிலி ஆண்டு. கடன் மன்னிப்பு யூபிலியின் உயிர். நம்மில் யாராவது வட்டிக்குக் கொடுத்திருந்தால், புயலில் அடிபட்ட குடும்பத்துக்கு இந்தத் தவக்காலத்தில் வட்டியைத் தள்ளிக் கொடுப்பது இறைச்சி தவிர்ப்பதைவிடச் சிறந்த நோன்பு.

அதே மரியாதை உதவி செய்பவர்களுக்கும் பொருந்தும். இழப்பீட்டுக்காகச் சுவரைப் படம் எடுப்போம். அரிசி வாங்கும் தாயின் முகத்தைப் படம் எடுத்துப் பரப்ப வேண்டாம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்க வேண்டாம். உதவியைக் காட்டி மதத்துக்கு அழைக்கவும் வேண்டாம். நல்ல சமாரியர் அடிபட்டவரிடம் எதையும் விசாரிக்கவில்லை.

இந்தத் தவக்காலத்தில்

1833இல் பாரிசில் பிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் அடிப்படைப் பணி, ஏழைகளின் வீட்டுக்கு நேரில் போய்ச் சந்திப்பது. அதையே நாமும் செய்வோம். ஒவ்வொரு அன்பியமும் இருவர் இருவராகத் தன் பகுதியில் நடந்து, இன்னும் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் வீடுகளை, எந்த மதத்தவராயினும், எழுதிக்கொண்டு வரட்டும். அவற்றில் பட்டா இல்லாதவர், விதவை, மாற்றுத்திறனாளி, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீடுகளை முதலில் வைப்போம். ஒவ்வோர் அன்பியமும் ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளட்டும். தவக்காலச் சேமிப்பு கம்பிக்கும் கழிக்கும் கொத்தனார் கூலிக்கும் போகட்டும். சனிக்கிழமைகளில் இளைஞர்கள் மண் சுமக்கட்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் ஆலய வளாகத்தில் உட்காரட்டும்.

எல்லா வீடுகளையும் நம்மால் கட்ட முடியாது. நெகேமியாவின் பட்டியலில் யாரும் மதில் முழுவதையும் கட்டவில்லை. பலர் தம் வீட்டுக்கு எதிரே இருந்ததைக் கட்டினார்கள். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை வர இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் நம் எதிர்வீட்டுக் கூரை நிற்க வேண்டும்.

மன்றாடுவோம்: தச்சரின் இல்லத்தில் வளர்ந்த ஆண்டவரே, வீடிழந்தவர்களின் கண்ணீரை நீர் அறிவீர். எங்கள் கைகளுக்கு வேலையையும், எங்கள் கால்களுக்கு நாங்கள் போகாத தெருவின் வழியையும் காட்டும். உடைந்ததை அடைப்பவர் என்ற பெயருக்கு எங்களைத் தகுதியாக்கும். ஆமென்.